பால்மா டின்னில் ஒரு ஜெரேனியம்

ஜெர்மன் எழுத்துகளின் தலையில் வரும் இரட்டைப் புள்ளி எங்கள் டைப்ரைட்டரில் கிடையாது. தாளை உருவிய பிறகு நான்தான் பேனாவால் வைக்க வேண்டும். புள்ளி வைத்துக்கொண்டே இந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம், அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று பக்கத்தில் இருக்கும் ஜெர்மன் சிஸ்டரை நச்சரிப்பேன். இப்படியே போனால் வேலை நடந்த மாதிரிதான் என்று அவர் அலுத்துக்கொள்வார். ஆனால் சொல்லாமல் விட்டதில்லை.

குன்னூரில் கன்னியாஸ்திரீகள் நடத்திய ஒரு சேவை இல்லத்தில் நான் டைப்பிஸ்ட். சிலோனிலிருந்து கப்பலில் அனுப்பப்பட்டு நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டவர்களுக்குப் பால், போர்வை, மருந்து கொடுப்பது அந்த இல்லத்தின் வேலை. நானும் அப்படி வந்தவள்தான். அங்கே தோட்டத்துப் பள்ளிக்கூடம் முடித்து, டவுன் பள்ளிக்கூடத்துக்கும் போனதில் இங்கிலீஷ் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை வைத்து எனக்கு இந்த நாற்காலி கிடைத்தது. அம்மாவுக்குக் கிடைத்தது அங்கே முதுகில் இருந்த அதே கொழுந்துக் கூடைதான், மலை மட்டும் வேறு.

உதவி ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்து வந்தது. அதனால் வருடத்துக்கு ஒரு முறை அந்த நாடுகளுக்கு அறிக்கை போகும். அயர்லாந்துக்காரரான மதர் அதை இங்கிலீஷில் எழுதுவார். மற்ற சிஸ்டர்கள் அவரவர் மொழியில் பெயர்த்து அவரவர் நாட்டுக்கு அனுப்புவார்கள். எல்லாவற்றையும் நான் டைப் அடிப்பேன், புரியாத மொழிகளையும் எழுத்து எழுத்தாகப் பார்த்து.

அறிக்கையின் கடைசியில் எப்போதும் ஒரு கேள்வி நிற்கும்: குடும்பங்கள் ‘செட்டில் டவுன்’ ஆகிவிட்டனவா? அந்த வருடம் அதில்தான் எல்லோரும் மாட்டிக்கொண்டார்கள். அதற்குக் காரணம் நான். செட்டில் டவுன் என்றால் சரியாக என்ன என்று மதரிடம் கேட்டுத் தொலைத்தேன். மதர் தன் டீக் கோப்பையைக் காட்டினார். கலக்கி வைத்தால் தூள் சுற்றும், கொஞ்ச நேரம் விட்டால் அடியில் போய்த் தங்கும், அதற்கும் இதே சொல்தான் என்றார். அப்படியானால் எங்களைக் கலக்கியது யார் என்று கேட்டேன். மதர் சிரித்தார். போய் டைப் அடி என்றார்.

நான் போய் அடிக்கவில்லை. ஒவ்வொரு சிஸ்டரிடமும் உங்கள் மொழியில் இதற்கு என்ன என்று கேட்கப் போய்விட்டேன்.

இத்தாலி சிஸ்டர் சமையலறையில் இருந்தார். ‘சிஸ்தெமார்சி’ என்றார். வீடு, வேலை, கல்யாணம் எல்லாம் அதனதன் இடத்தில் ஒழுங்காக அமைவதாம். சொல்லிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்து, “உனக்கு எப்போது?” என்றார். நம் ஊரில் ‘பையன் செட்டில் ஆயிட்டானா’ என்று கேட்பார்களே, அதேதான். இத்தாலி ரொம்ப தூரம் இல்லை என்று அன்றைக்குத் தோன்றியது.

ஜெர்மன் சிஸ்டர் சொன்னது ‘ஐன்லேபன்’. ஓர் இடத்தில் வாழ்ந்து வாழ்ந்து அதற்குள்ளேயே போய்விடுவது. ஸ்பெயின் சிஸ்டர் சொன்னது ‘அயார்சே’. ஓர் இடத்தில் தன்னைத் தானே கண்டுகொள்வது. பெல்ஜியம் சிஸ்டர் வடக்குப் பெல்ஜியத்துக்காரர். அவர் மொழியில் ‘ஆர்டன்’. ஆர்டே என்றால் மண். மண் பிடித்துக்கொண்டது என்று செடிக்கும் சொல்வார்கள், மனிதருக்கும் சொல்வார்கள்.

ஒரே கேள்வி, ஆனால் நாலு பேரும் நாலு விஷயத்தைக் கேட்கிறார்கள் என்று எனக்குப் பட்டது. அதை வாய் வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் சாப்பாட்டு மேசையில் சொன்னேன். ஜெர்மன் சிஸ்டர் ஸ்பூனைக் கீழே வைத்தார். மதர் ஆம் என்று எழுதியிருக்கிறார், அந்த ஆம் என் வார்த்தைக்குப் பொருந்துமா என்று எனக்குத் தெரியாது, நான் போய்க் கேட்டுவிட்டுத்தான் எழுதுவேன் என்றார். உடனே, சமையலறையை விட்டு வர முடியாத இத்தாலி சிஸ்டரைத் தவிர, மற்றவர்களுக்கும் ரோஷம் வந்துவிட்டது. கேட்பதற்கு ஒரு வீடு வேண்டுமே. டைப் அடிக்கிறவள் வீடு பக்கத்திலேயே இருந்தது.

எங்கள் வீடு தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், கடைசி வீடு. ஓர் அறை, ஒரு சமையல் மூலை, முன்னால் ஒரு சின்னத் தாழ்வாரம். அந்தத் தாழ்வாரத்துக் கட்டையில் ஒரு பழைய டின் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. பால் பவுடரை அங்கே பால்மா என்போம். அது பால்மா டின். உள்ளே இருந்தது மண்.

எங்கள் சனத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஊரை விட்டுப் போகிறவர்கள் மாரியம்மன் கோயிலிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துப் போவார்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் அதை இறக்கினால் அங்கே கோயில். வழியில் தரையில் வைக்கக் கூடாது. வைத்தால் அம்மன் அங்கேயே உட்கார்ந்துவிடுவாள். அம்மாவின் பாட்டன்மார் தமிழ்நாட்டிலிருந்து சிலோனுக்கு அப்படித்தான் கொண்டு போனார்களாம். எங்கள் தோட்டத்தில் பாதிப் பேரைத் திருப்பி அனுப்பியபோது பூசாரி குடும்பத்தை வேறெங்கோ அனுப்பிவிட்டார்கள். அதனால் அம்மா தானே மண்ணை எடுத்தாள். கப்பலில் மடியில் வைத்திருந்தாள். கரையிறங்கித் தங்கிய மண்டபம் முகாமில் மரக்கிளையில் தொங்கவிட்டாள். சுங்க அதிகாரி டின்னை மேசை மேல் வைக்கச் சொன்னபோது கொஞ்ச நேரம் யோசித்து, மேசை தரையாகாது என்று தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லிவிட்டு வைத்தாள்.

இவ்வளவு பத்திரமாகக் கொண்டுவந்தவள் இங்கே வந்த பிறகு அதை இறக்கவில்லை. காரணம் அக்கா. அக்கா அங்கேயே கல்யாணமாகிப் போனவள். அத்தான் வீட்டார் இலங்கைப் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டிருந்தார்கள். முடிவு வரவில்லை. கிடைத்தால் அங்கே. தள்ளுபடியானால் கப்பலேறி இங்கே.

“தள்ளுபடியாயிரும். வந்துருவா” என்பாள் அம்மா. “அவ வந்து கால் வச்ச பெறகுதான் ஆத்தாளுக்கும் கால்.”

லயத்தில் இருந்தவர்கள் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தார்கள். அம்மா அசையவில்லை. தினமும் காலையில் டின்னுக்குக் கீழே நின்று கும்பிடுவாள். மகளுடைய மனு தோற்றுப்போக வேண்டும் என்பதுதான் வேண்டுதல். எனக்கு அதைக் கேட்கவே ஒரு மாதிரி இருக்கும். அக்கா வர வேண்டும் என்று எனக்கும் ஆசைதான். ஆனால் அங்கே அக்கா என்ன வேண்டிக்கொள்கிறாளோ என்று நினைத்துக்கொள்வேன்.

முதலில் வந்தவர் ஜெர்மன் சிஸ்டர். அம்மா போட்டுக் கொடுத்த பிளேன் டீயைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். காலையில் கண் விழித்ததும் எந்த ஊரில் இருக்கிறோம் என்று குழம்புவது உண்டா? நான் தமிழில் சொன்னேன்.

“தோட்டத்துச் சங்கு புடிச்சா எந்திரிக்கிறேன்” என்றாள் அம்மா. “எந்த ஊரு சங்குன்னு யாரு பாத்தா?”

கனவு வருமா, அது எந்த ஊர் என்று சிஸ்டர் விடவில்லை.

அம்மா இதை மட்டும் யோசித்தாள். “கனாவுல கொழுந்து எடுக்கிறது அங்க. நிறுக்கிறது இங்க.”

திரும்பும் வழியெல்லாம் ஜெர்மன் சிஸ்டர் அதையே பேசிக்கொண்டு வந்தார். பறித்த கூடையோடு உன் அம்மா கடலை எப்படித் தாண்டினார் என்று கேட்டார். கனவில் கப்பல் டிக்கெட் கேட்கமாட்டார்கள் என்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ‘பாதி’ என்று குறித்துக்கொண்டார்.

அடுத்து ஸ்பெயின் சிஸ்டர். இந்த இடத்தில் உங்களை நீங்கள் கண்டுகொண்டீர்களா என்று அவர் கேட்டதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்த மாதிரி சொன்னேன். அம்மா என்னைத்தான் முறைத்தாள்.

“நான் எங்க தொலைஞ்சேன், என்னையத் தேட? பெரியவ அங்க நிக்கிறா. ஏலும்னா அவளக் கொண்டாந்து விடச் சொல்லு.”

சொன்னேன். ஸ்பெயின் சிஸ்டர் எதுவும் எழுதவில்லை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். திரும்பி வரும் வழியில், இந்த நாட்டுக்கு வந்து இத்தனை வருஷமாகியும் நானும் இன்னும் அயார்சே ஆகவில்லை, மதரிடம் சொல்லிவிடாதே என்றார். அவர்களும் வீட்டை விட்டு வந்தவர்கள் என்பது அதுவரை என் மண்டையில் ஏறவே இல்லை. வெள்ளைக்காரர்கள் என்றால் எங்கேயும் சௌகரியமாக இருப்பார்கள் என்றே நினைத்திருந்தேன்.

பெல்ஜியம் சிஸ்டர் மட்டும் என்னைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. அவர் கேள்வி கேட்கிற ஆளில்லை, செடி வைக்கிற ஆள். இல்லத்தின் ஜன்னலெல்லாம் அவருடைய ஜெரேனியம்தான். இந்த மலையில் யார் வீட்டுக் கூரை இறவாணத்தைப் பார்த்தாலும் ஓட்டை டின்னில் ஒரு ஜெரேனியம் தொங்கும். லயத்து வீடுகளில் மட்டும் அவ்வளவாக இல்லை. மண் பிடித்ததா என்று கேட்பதை விட ஆளுக்கொரு கிளையைக் கொடுத்துவிட்டால் தெரிந்துவிடும் என்று அவருக்கு ஒரு கணக்கு. எல்லோரும் கொழுந்துக்குப் போயிருந்த நேரத்தில் ஒரு கட்டுக் கிளையோடு லயத்துக்குப் போய், வாசல் வாசலாக வைத்துவிட்டுத் திரும்பினார். விரல் நகமெல்லாம் மண். முகமெல்லாம் சிரிப்பு.

“உன் வீட்டில் மண் மட்டும் போட்ட டின் ஒன்று தொங்குகிறது” என்றார். “பாவம், உன் அம்மா செடிக்காகக் காத்துக்கொண்டிருக்கிறார் போலிருக்கிறது. நானே நட்டுவிட்டேன்.”

மதரிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

நான் போவதற்குள் அம்மா வந்துவிட்டிருந்தாள். கூடையைக்கூட இறக்காமல் டின்னுக்குக் கீழே நின்றிருந்தாள். சுற்றி லயமே நின்றது. டின்னிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு ஒரு குச்சியும் நாலு வட்ட இலையும் எட்டிப் பார்த்தன. தீட்டு என்றார் ஒருவர். பிடுங்கிப் போட்டுவிட்டு மஞ்சள் தண்ணி தெளி என்றார் இன்னொருவர். முக்குக் கடைக்கார அக்கா கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர். அவர்தான் சமாதானம் பேசினார்.

“ஏனுங்க, அவிங்களுஞ் சாமி கும்படறவிங்கதானுங்களே. கும்பிட்டுட்டுத்தான் நட்டிருப்பாங்க. உடுங்க.”

அம்மா கையை நீட்டினாள். குச்சியைத் தொட்டாள். பிறகு கையை எடுத்துக்கொண்டாள்.

“பச்சையா நிக்கிது. ஆத்தா மண்ணுல நிக்கிற பச்சையப் புடுங்க ஏலாது. தானா வாடட்டும். பொட்டுத் தண்ணி யாரும் ஊத்தப்படாது.”

அன்றைக்கு அம்மா போட்ட சட்டத்தில் ஓர் ஓட்டை இருந்தது. இது நீலகிரி. சாயங்காலமானால் மூடுபனி கதவைத் தட்டாமல் உள்ளே வரும். தாழ்வாரத்துக் கொடியில் போட்ட துணி காயவே காயாது. யாரும் தண்ணீர் ஊற்றாத டின்னில் காலையில் பார்த்தால் மண் ஈரமாக இருக்கும். ஜெரேனியமோ, கவனிக்காமல் விட்டால்தான் நன்றாக வளரும் சாதி. அம்மா காத்திருந்தாள், அது வாடவில்லை. புது இலை விட்டது. கொஞ்ச நாளில் உச்சியில் ஒரு சிவப்புப் பூக்கொத்து வந்தது. அம்மனுக்குப் பிடித்த நிறம் வேறு. லயத்தில் தீட்டு என்று சொன்னவரே வந்து கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்.

பெல்ஜியம் சிஸ்டரிடம் நான் விஷயத்தைச் சொன்னபோது அவர் முகம் அந்தப் பூவைவிடச் சிவந்துபோனது. நேராக வந்து அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டார், பைபிள் தமிழில். அம்மாவுக்குப் பாதி புரியவில்லை. டீ கொடுத்தாள். தண்ணி ஊத்தப்படாது என்ற சட்டத்தை மட்டும் சைகையில் விளக்கினாள். சிஸ்டர் பயபக்தியோடு தலையாட்டினார். அதற்குப் பிறகு லயத்துப் பக்கம் வரும்போதெல்லாம் எங்கள் வாசலில் நிற்பார். இரண்டு பேருக்கும் பொது மொழி கிடையாது. டின்னுக்குக் கீழே ஒன்றாக நின்று மேலே பார்ப்பார்கள். பார்த்துவிட்டுப் போய்விடுவார். அறிக்கையில் அவர் வார்த்தையை எழுதலாமா என்று ஒரு முறை என் மூலமாகக் கேட்டார்.

“செடி புடிச்சிருச்சுன்னு எழுதிக்கிறச் சொல்லு” என்றாள் அம்மா. “என்னையப் பத்திப் பெறகு எழுதலாம்.”

பெல்ஜியத்துக்குப் போன அறிக்கையில் அப்படியே போயிற்று. நான்தான் அடித்தேன்.

மண் பிடித்த செடி சும்மா இருக்குமா? அடுத்த மழைக்காலம் முடிந்தபோது டின்னின் அடி துருப்பிடித்து விட்டுப்போயிருந்தது. வேர் வெளியே தொங்கியது. காற்றடித்தால் ஒரு சிட்டிகை மண் உதிரும். அம்மா பதறிப்போய் டின்னுக்கு அடியில் ஒரு தட்டைக் கட்டினாள். காலையில் தட்டில் சேர்ந்த மண்ணை எடுத்து மறுபடி மேலே போடுவாள். இறக்கிவிடேன் அம்மா என்று கெஞ்சினேன். “அவ வரட்டும்” என்பாள். இலை மஞ்சளாக ஆரம்பித்தது. வாடட்டும் என்று சொன்னவள்தான், ஆனால் ஒவ்வொரு மஞ்சள் இலைக்கும் அவள் முகம் சுருங்குவதை நான் பார்த்தேன்.

அந்த நேரத்தில்தான் அங்கே கலவரம் என்று செய்தி வந்தது. கப்பல் நின்றுவிட்டது. கடைசியாக வந்தவர்களில் எங்கள் பழைய தோட்டத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். விசாரித்துக்கொண்டு எங்கள் லயத்துக்கு வந்தாள். அம்மா அவளை உட்காரக்கூட விடவில்லை.

“பெரியவ எந்தக் கப்பல்ல வாறா?”

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு சொன்னாள். “அவ குடும்பத்துல யாரும் வரலக்கா. அவுகளுக்கு அங்கேயே பிரஜாவுரிமை கெடச்சிருச்சு. தோட்டத்துலயும் பேர் பதிஞ்சாச்சு.”

அம்மா அப்போதுதான் அவளை உட்காரச் சொன்னாள். “நல்லா இருக்காளா?”

“இருக்கா. கலவரத்துல ஒண்ணும் ஆகல. மாசமா இருக்கா.”

அம்மா அவளுக்குச் சோறு போட்டாள். வேறு யார் யார் எங்கே என்று எல்லோரையும் பற்றிக் கேட்டாள். அவள் போன பிறகு வீட்டுக்குப் பக்கத்து மேட்டில் கொஞ்சம் இடத்தைக் கொத்தி, கல் பொறுக்கி, சாணம் தெளித்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

“டின்னப் புடி.”

இரண்டு பேருமாகக் கம்பியை அவிழ்த்தோம். தகரம் கையோடு பிய்ந்து வந்தது. வேரும் மண்ணும் ஒரே உருண்டையாக இருந்தன, எது அம்மன் எது செடி என்று பிரிக்க முடியாதபடி. அப்படியே குழிக்குள் இறக்கினோம். அம்மா கல் மாதிரி நின்றாள் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் அழுதாள். லயம் முழுக்கக் கேட்கும்படி அழுதாள். வேண்டாம் வேண்டாம் என்று தடுத்து வைத்த தண்ணீரை ஒரு குடம் கொண்டுவந்து ஊற்றினாள்.

அக்கா வந்தது பல வருடம் கழித்து. கப்பலில் இல்லை, திருச்சிக்கு விமானத்தில், இலங்கை என்ற வேறு நாட்டுப் பாஸ்போர்ட்டோடு. பெரியவனை அத்தானோடு விட்டுவிட்டுக் கைக்குழந்தையோடு வந்திருந்தாள். அதற்குள் மேட்டில் மூன்று கல்லும் ஒரு சூலமும் நட்டாயிற்று. சுற்றிலும் ஜெரேனியம் புதராக மண்டிக் கிடந்தது. மாரியம்மனுக்கு ஜெரேனியம் மாலை போடுகிற கோயில் உலகத்தில் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

அக்கா இருந்த நாளெல்லாம் அம்மா அவளை எதுவும் கேட்கவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை, அந்த ஊர் எப்படி இருக்கிறது, நம் கோயில் எப்படி இருக்கிறது என்று பிடுங்கியெடுத்தேன். அக்கா தயங்கித் தயங்கித்தான் சொன்னாள். மண்சரிவில் கோயில் மேடே பள்ளத்தில் போய்விட்டதாம். அப்புறம் யாரும் கட்டவில்லை. லயத்துச் சனம் ஒரு வேப்ப மரத்தடியில் வெறும் கல்லை வைத்துக் கும்பிடுகிறதாம். ஆத்தா மண்ணு நம்ம அம்மாகிட்டத்தான் இருக்குன்னு எல்லாரும் சொல்லிவிட்டாங்க என்றாள். கேட்கத்தான் வந்தேன் என்று அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை.

அவள் புறப்படும் நாள் காலையில் அம்மா மேட்டுக்குப் போனாள். ஒரு பிடி மண் எடுத்தாள். ஒரு ஜெரேனியம் கிளையை ஒடித்து அதில் செருகினாள். வீட்டில் பால்மா டின் இல்லை, ஹார்லிக்ஸ் பாட்டில்தான் இருந்தது. அதில் போட்டுத் துணி கட்டி அக்காவின் கையில் கொடுத்தாள். அதுவரை அம்மா அந்த ஊரை ‘அங்க’ என்று மட்டும்தான் சொல்லுவாள். வேறு பேரே அதற்குக் கிடையாது.

“வழியில எங்கயும் கீழ வச்சிராத” என்றாள். “ஓன் வீட்டுக்குப் போயி எறக்கு.”

அந்த ‘ஓன் வீடு’ அக்காவுக்குக் கேட்டது. எனக்கும் கேட்டது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருக்கப் பெட்டியைத் தூக்கினோம்.

பஸ் கிளம்பியது. அக்கா மடியில் குழந்தையும் கையில் பாட்டிலுமாக ஜன்னலோரம் இருந்தாள். அம்மா பஸ்ஸோடு நாலு அடி நடந்துகொண்டே உள்ளே பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்.

“தண்ணி நெறைய ஊத்தாத. அது தானா புடிச்சுக்கும்.”

திருச்சி விமான நிலையத்தில் அக்காவுக்குச் சோறு தின்னக் கை வேண்டியிருந்தபோது, முன்பின் தெரியாத ஒருவரிடம் குழந்தையைக் கொடுத்தாளாம். பாட்டிலைக் கொடுக்கவில்லை.